ஹெர்மிஷியன் அல்லாத பலதுகள் குவாண்டம் அமைப்புகள்: நான்கு இடங்களிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

ஹாமில்டோனியன், அதாவது அமைப்பின் ஆற்றலைக் குறிக்கும் அணி, ஹெர்மிஷியனாக (வரிசை–நிரல்களை இடமாற்றிக் கலப்பெண் இணை எடுத்தாலும் மாறாததாக) இருக்க வேண்டும் என்பது குவாண்டம் இயக்கவியலின் முதல் வகுப்பிலேயே நாம் கற்கும் விதி. அப்படி இருந்தால் ஆற்றல் மதிப்புகள் மெய்யெண்களாக அமையும். மொத்த நிகழ்தகவு காலம் செல்லச் செல்ல மாறாமல் 1 ஆகவே நிற்கும். ஆனால் அந்த விதி வெளியுலகத் தொடர்பே இல்லாத அமைப்புக்கு உரியது. துகள்களை இழக்கும் அமைப்பையோ, தொடர்ந்து கண்காணிக்கப்படும் அமைப்பையோ விவரிக்கும்போது கலப்பெண் ஆற்றல்கள் தாமாகவே வந்து சேர்கின்றன. 1928-இல் இயற்பியலர் ஜார்ஜ் காமாவ் அணுக்கருவின் ஆல்ஃபா சிதைவை விளக்கியபோதே ஆற்றலின் கற்பனைப் பகுதி சிதைவு வேகத்தைக் குறித்தது. அண்மைக் காலத்தில் புதிதாக வந்திருப்பது, பல துகள்கள் ஒன்றோடொன்று இடைவினை புரியும்போது இதெல்லாம் என்ன ஆகிறது என்ற கேள்வி.

பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்திலோ கெலுகோர் பக்கத்து வாடகை அறையிலோ அமர்ந்து இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். கணிதத்தில் படித்த கலப்பெண்களும் அணிகளும், ஓராண்டுக் குவாண்டம் இயக்கவியலும், 16 கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினியும் போதும். இத்துறையில் எண்களை வரவழைப்பது எளிது. வந்த எண்கள் எதற்கு உரியவை என்று சொல்வதுதான் கடினம். ஆகையால் கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாமல் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதற்படி: கற்பனைப் பகுதி எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்

வெளியுலகோடு தொடர்புடைய அமைப்பின் முழு விவரிப்பு, அடர்த்தி அணிக்கான (நிலைகளின் நிகழ்தகவுக் கலவையைக் குறிக்கும் அணிக்கான) லிண்ட்பிளாட் சமன்பாட்டில் இருக்கிறது. 1976-இல் லிண்ட்பிளாட் ஒருபுறமும், கொரினி, கொசக்கோவ்ஸ்கி, சுதர்சன் ஆகிய மூவர் மறுபுறமும் தனித்தனியே இதன் பொது வடிவத்தைக் கண்டனர். இவர்களுள் இ.சி.ஜி. சுதர்சன் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதைத் தமிழ் மாணவர்களிடம் நான் மகிழ்ச்சியோடு நினைவூட்டுவதுண்டு. அந்தச் சமன்பாட்டில் இரண்டு வகைச் செயல்கள் கலந்திருக்கின்றன: ஒரு துகள் சட்டென வெளியேறுவது போன்ற ‘குதிப்பு’, இரு குதிப்புகளுக்கு இடையே நிகழும் அமைதியான காலமாற்றம். குதிப்பே நிகழவில்லை என்ற நிபந்தனையின் கீழ் அமைப்பை நடத்துவது ஹெர்மிஷியன் அல்லாத ஹாமில்டோனியன். ஒவ்வொரு குதிப்புச் செயலிக்கும் இடப்புறம் அதன் ஹெர்மிஷியன் இணையை வைத்துப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கற்பனை அலகின் பாதியால் பெருக்கி, மூல ஹாமில்டோனியனிலிருந்து கழித்தால் அது கிடைக்கும்.

இங்கேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் இடத்தில் ஒரு துகளுக்கு மேல் இருக்க முடியாத சங்கிலி ஒன்றில், எல்லா இடங்களிலும் ஒரே வேகத்தில் துகள் இழப்பு நடக்கிறது என்று கொண்டு மேற்சொன்ன கழித்தலைச் செய்யுங்கள். பிறகு, துகள் இழப்பே இல்லாமல், ஒவ்வோர் இடத்திலும் துகள் இருக்கிறதா என்று சூழல் ‘பார்த்துக்கொண்டே’ இருப்பதால் அலைகளின் கட்டம் குலையும் அமைப்புக்கும் அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே ஹாமில்டோனியன் கிடைக்கும்: மூல ஹாமில்டோனியன், கழித்தல் துகள் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான ஒரு கற்பனை மாறிலி. ஆனால் முதல் அமைப்பு காலப்போக்கில் காலியாகிவிடும். இரண்டாவதில் துகள்கள் ஒன்றும் குறையாமல் சங்கிலி முழுவதும் பரவும். ஆகவே ஹெர்மிஷியன் அல்லாத ஹாமில்டோனியனை மட்டும் வைத்துக்கொண்டு அமைப்பின் கதை முழுவதையும் சொல்லிவிட முடியாது. இழப்பு மட்டுமே உள்ள அமைப்புகளில் நிலைமை சற்று நல்லது: லிண்ட்பிளாட் சமன்பாட்டின் ஐகென் மதிப்புகள் அனைத்தும் ஹாமில்டோனியனின் ஐகென் மதிப்புகளிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. எனவே குதிப்பு நிகழ்ந்த சோதனை ஓட்டங்களை ஒதுக்காவிட்டாலும் அந்த நிறமாலைக்கு, அதாவது ஐகென் மதிப்புகளின் தொகுப்புக்கு, பொருள் உண்டு.

ஒதுக்குவதானால் அதன் விலையையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சீரான இழப்பில், எந்தத் துகளும் வெளியேறாமல் இருக்கும் நிகழ்தகவு துகள் எண்ணிக்கை, இழப்பு வேகம், நேரம் ஆகிய மூன்றின் பெருக்கலைப் பொறுத்து அடுக்குக்குறியாகச் சரிகிறது. இழப்பு வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் 1 வரும் தருணத்தில், 8 துகள்களுக்கு அது சுமார் 0.0003. அதே தருணத்தில் 40 துகள்களுக்கு அது ஒரு கோடி கோடியில் ஒன்றைவிட மிகச் சிறியது. ‘குதிப்பு நிகழாத ஓட்டங்களைத் தேர்ந்தெடுக்கிறோம்’ என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சுமை இருக்கிறது.

இரண்டாம் படி: இரண்டு இடங்களைக் கையாலேயே தீர்த்துப் பாருங்கள்

இரண்டு இடங்கள், ஒரு துகள், தாவல் வலிமை 1. இரண்டாம் இடத்தில் மட்டும் இழப்பு. இரண்டுக்கு இரண்டு அணியின் ஐகென் மதிப்புகளைத் தாளில் எழுதினால், இழப்பு வேகம் 4-ஐ எட்டும்வரை இரண்டு மதிப்புகளும் ஒரே கற்பனைப் பகுதியோடு மெய்ப் பகுதியில் மட்டும் விலகி நிற்பதைக் காணலாம். 4-ஐத் தாண்டியதும் மெய்ப் பகுதிகள் ஒன்றாகி, கற்பனைப் பகுதிகள் பிரிகின்றன. சரியாக 4-இல் ஐகென் மதிப்புகளோடு ஐகென் திசையன்களும் ஒன்றிவிடுகின்றன. ஹெர்மிஷியன் அணியில் இப்படி ஒருபோதும் நேராது. இதுவே விதிவிலக்குப் புள்ளி.

அந்தப் புள்ளியைக் கடந்து இழப்பை மிகப் பெரிதாக்குங்கள். ஒரு மதிப்பு வேகமாகச் சிதைகிறது. மற்றொன்றின் சிதைவு வேகமோ, 4-ஐ இழப்பு வேகத்தால் வகுத்த அளவுக்குக் குறைந்துகொண்டே போகிறது. இழப்பு கூடக் கூடத் துகள் முதல் இடத்திலேயே பத்திரமாக நிற்கிறது. மிஸ்ராவும் சுதர்சனும் 1977-இல் பெயரிட்ட ஸீனோ விளைவின் (இடைவிடாத கண்காணிப்பே மாற்றத்தைத் தடுப்பதன்) மிக எளிய உருவம் இது. ஒன்பதாம் படியில் இது மீண்டும் தேவைப்படும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு மாதிரியைத் தேர்ந்து அதோடு நில்லுங்கள்

தொடக்கத்துக்கு ஹடானோ–நெல்சன் மாதிரியின் இடைவினை வடிவத்தையே பரிந்துரைக்கிறேன். 1996-இல் ஹடானோவும் நெல்சனும் மீக்கடத்திகளில் காந்தப்புலச் சுழல்கள் நீள்வாட்டக் குறைபாடுகளில் சிக்கிக்கொள்வதை ஆராய்ந்தபோது எழுதிய மாதிரி அது. ஒரு நேர்ச் சங்கிலி. ஓர் இடத்தில் ஒரு துகளே இருக்கலாம். வலப்பக்கம் தாவும் வலிமையும் இடப்பக்கம் தாவும் வலிமையும் சமமல்ல. அந்தச் சமமின்மையைச் ‘சாய்வு’ என்று அழைப்போம். சாய்வு 0.5 என்றால் வலத் தாவல் 1.649, இடத் தாவல் 0.607, இரண்டுக்கும் முன்னால் கழித்தல் குறி. அடுத்தடுத்த இடங்களில் இரண்டு துகள்கள் இருந்தால் கூடுதலாக ஓர் இடைவினை ஆற்றல்.

சமமற்ற தாவல் கற்பனைக்காகச் சேர்த்தது அன்று. அடுத்தடுத்த இரண்டு இடங்களிலிருந்து, கால் சுற்றுக் கட்ட வேறுபாட்டோடு, ஒரு துகள் ஒருங்கே இழக்கப்படும்படி குதிப்புச் செயலியை எழுதி முதற்படியின் கழித்தலைச் செய்யுங்கள். இழப்பு வேகத்தின் பாதி ஒரு திசைத் தாவலோடு கூடும்; மறு திசைத் தாவலிலிருந்து கழியும். கூடவே ஒட்டுமொத்தச் சிதைவும் வரும். அதை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

நான்காம் படி: நான்கு இடங்கள், இரண்டு துகள்கள்

நிரல் எழுதுவதற்கு முன் ஆறு நிலைகளையும் தாளில் வரிசைப்படுத்துங்கள் (1 என்றால் அந்த இடத்தில் துகள் உண்டு, 0 என்றால் காலி): 1100, 1010, 1001, 0110, 0101, 0011. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துகள்கள் இருக்கும் இட எண்களின் கூட்டுத்தொகையை எழுதுங்கள்: 3, 4, 5, 5, 6, 7. வலப்பக்கம் ஒரு தாவல் இந்தக் கூட்டுத்தொகையை ஒன்று கூட்டும்; இடப்பக்கத் தாவல் ஒன்று குறைக்கும். எனவே சங்கிலியின் இரு முனைகளும் திறந்திருக்கும்போது, ஒவ்வொரு நிலையையும் 1.649-இன் கூட்டுத்தொகை அடுக்கால் அளவு மாற்றினால் சாய்வு முழுவதும் மறைந்து, சாதாரண ஹெர்மிஷியன் சங்கிலி எஞ்சும். இடைவினை ஆற்றல் துகள்கள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டுமே பொறுத்தது. ஆகவே இந்த உருமாற்றம் அதைத் தொடுவதில்லை. எத்தனை துகள்கள் எவ்வளவு வலுவாக இடைவினை புரிந்தாலும், திறந்த சங்கிலியின் ஆற்றல்கள் மெய்யெண்களே என்பது இவ்வளவு சுருக்கமாக நிறுவப்பட்டுவிடுகிறது. இந்தக் கருத்தை எத்தனை முறை கற்பித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இப்போது பைத்தானில் ஆறுக்கு ஆறு அணியைக் கட்டி, இடைவினையைச் சுழியாக வைத்து ஐகென் மதிப்புகளைக் கேளுங்கள். வர வேண்டிய விடை: −2.236, −1, 0, 0, 1, 2.236. முதல் மதிப்பு −√5. சாய்வை 0.1 ஆக்கினாலும் 0.5 ஆக்கினாலும் இவை மாறக் கூடாது. உங்களுக்கு −3.687 வந்தால், ஹெர்மிஷியன் அணிகளுக்கென்றே உள்ள நிரல்கூற்றைத் தவறுதலாக அழைத்திருக்கிறீர்கள். பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் அந்த நிரல்கூறு இயல்பாக அணியின் கீழ் முக்கோணத்தை மட்டும் படித்துவிட்டு, மேல் முக்கோணத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே விடை தருகிறது. எச்சரிக்கை எதுவும் திரையில் தோன்றாது. மேலே எழுதிய வரிசையில் கீழ் முக்கோணம் முழுவதும் வலத் தாவல்களே. அதனால் ஒவ்வோர் ஆற்றலும் 1.649 மடங்கு பெருகிவிடும்.

ஐந்தாம் படி: இடத் திசையன், வலத் திசையன்

ஹெர்மிஷியன் அல்லாத அணிக்கு ஒவ்வோர் ஐகென் மதிப்புக்கும் இரண்டு திசையன்கள் உண்டு. அணிக்கு வலப்புறம் நின்று பெருக்கப்படுவது ஒன்று, இடப்புறம் நிற்பது மற்றொன்று. சராசரி காண எதைப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் வரைபடம் வரைவது பெரும் குழப்பத்தில் கொண்டுபோய் விடும்.

நான்கு இடச் சங்கிலியின் தாழ்நிலையையே (ஆற்றல் மிகக் குறைந்த நிலையையே) எடுத்துக்கொள்வோம், சாய்வு 0.5, இடைவினை சுழி. வலத் திசையனை மட்டும் வைத்து இயல்பாக்கி ஒவ்வோர் இடத்தின் துகள் அடர்த்தியைக் கண்டால் 0.193, 0.573, 0.427, 0.807 என்று வரும். துகள்கள் வலக்கோடியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. இடத் திசையனையும் வலத் திசையனையும் இணைத்துக் கண்டாலோ நான்கு இடங்களிலும் 0.5 தான், சாய்வின் சுவடே இல்லை. இரண்டும் சரியான கணக்குகள். குதிப்பு நிகழாத ஓட்டத்தில் ஆய்வகத்தில் அளக்கப்படுவது முதல் வகை. ஆகவே சோதனையோடு ஒப்பிடும் எந்த வரைபடத்திலும் அதைத்தான் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாம் வகை, சிறு மாற்றங்களால் ஆற்றல் எப்படி நகரும் என்பதைக் கணக்கிடுவதற்கு உரியது.

இப்படி நிலைகள் யாவும் ஒரு விளிம்பில் குவிவதைத் தோல் விளைவு என்கிறார்கள். 2018-இல் யாவோவும் வாங்கும் எழுதிய கட்டுரைக்குப் பின் அந்தப் பெயர் நிலைத்தது. ஒற்றைத் துகளுக்கு அது அடுக்குக்குறிக் குவியல். ஓரிடத்தில் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாத பல துகள்களுக்கு அப்படி இருக்க இயலாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளில் மேல்படிகள் முழுவதும் நிரம்பிய பின்னரே கூட்டம் அடுத்த படியில் நிற்பதுபோல, சாய்வு பெரிதாகும்போது சங்கிலியின் வலப்பாதி நிரம்பி, இடப்பாதி காலியாகி, நடுவில் கூர்மையான ஒரு விளிம்பு தோன்றும்.

ஆறாம் படி: அளவைப் பெருக்குங்கள், துல்லியத்தைக் கண்காணியுங்கள்

பாதி நிரம்பிய சங்கிலியில் 12 இடங்களுக்கு 924 நிலைகள், 14-க்கு 3,432, 16-க்கு 12,870, 18-க்கு 48,620. மெய்யெண் அணியைச் சேமிக்க மட்டும் 14 இடங்களுக்கு 94 மெகாபைட், 16-க்கு 1.3 கிகாபைட், 18-க்கு 19 கிகாபைட் ஆகும். எனவே மடிக்கணினியில் 16 இடங்களோடு நின்றுவிடுவோம் என்றுதான் எல்லாரும் எண்ணுவார்கள். உண்மையில் நினைவகத்துக்கு முன்பே துல்லியம் கைவிட்டுவிடும்.

நான்காம் படியின் உருமாற்றத்தை நினைவுகூருங்கள். துகள்கள் அனைத்தும் இடக்கோடியில் நிற்கும் நிலைக்கும் வலக்கோடியில் நிற்கும் நிலைக்கும் கூட்டுத்தொகை வேறுபாடு, துகள் எண்ணிக்கையைக் காலி இடங்களின் எண்ணிக்கையால் பெருக்கிய அளவு. நான்கு இடத்தில் அது 4. 12 இடத்தில் 36. 16 இடத்தில் 64. 18 இடத்தில் 81. சாய்வு 0.5 என்றால், ஐகென் திசையன் அணியின் மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள விகிதம் 12 இடத்தில் சுமார் 6.6 கோடி, 16 இடத்தில் 10-இன் 13-ஆம் அடுக்கைத் தாண்டும், 18 இடத்தில் 17-ஆம் அடுக்கைத் தாண்டும். கணினியின் இயல்பான எண்கள் ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியமே கொண்டவை. அவற்றின் கடைசி இலக்கப் பிழை இந்த விகிதத்தால் பெருகக்கூடும். எனவே 12 இடத்தில் ஐகென் மதிப்புகளை நம்பலாம். 16-இல் இரண்டாம் தசம இடத்திலேயே பிழை எட்டிப்பார்க்கலாம். 18-இல் நம்ப எதுவும் இல்லை.

கவலைக்குரியது, அந்தப் பிழை பிழையைப் போலவே தோன்றுவதில்லை என்பதுதான். மெய்யெண் அச்சில் வரிசையாக நிற்க வேண்டிய மதிப்புகள், அச்சின் இருபுறமும் அழகாகச் சமச்சீரோடு பிரிந்து, நடுவில் வீங்கிய ஒரு வடிவமாகத் திரையில் விரியும். அணி மெய்யெண்களால் ஆனதால் பிழையும் இணைக் கலப்பெண் சோடிகளாகவே வருகிறது. பார்ப்பவருக்கு அது புதிய கட்டமாற்றம் போலத் தெரியும். எந்தத் திறந்த சங்கிலிக் கணக்கிலும் அணியையும் அதன் இடமாற்று அணியையும் தனித்தனியே தீர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள். கொள்கைப்படி இரண்டின் ஐகென் மதிப்புகளும் ஒன்றே. அவை எந்த இலக்கத்தில் பிரிகின்றனவோ அந்த இலக்கத்தையும் அதற்குப் பின் வருபவற்றையும் நம்பாதீர்கள். உருமாற்றம் தெரிந்த மாதிரிகளில் முதலில் உருமாற்றிவிட்டு ஹெர்மிஷியன் அணியைத் தீர்ப்பதே சிறந்தது. அது இயலாதபோது சாய்வைக் குறையுங்கள், அல்லது கூடுதல் இலக்கத் துல்லியத்தில் கணக்கிடும் நூலகத்தைப் பயன்படுத்துங்கள்; நேரம் மிகுதியாகும், ஆனால் விடை விடையாக இருக்கும்.

ஏழாம் படி: முனைகளை இணைத்து வளையமாக்குங்கள்

கடைசி இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வலத் தாவலை அனுமதித்தால், கூட்டுத்தொகை ஒன்று கூடாமல் பெருமளவு குறைகிறது. சாய்வை நீக்கும் உருமாற்றம் இனிச் செல்லாது. ஒற்றைத் துகளின் ஆற்றல்கள் கலப்பெண் தளத்தில் ஒரு நீள்வட்டத்தில் அமர்கின்றன, சாய்வு 0.5-இல் அதன் அரை அச்சுகள் 2.255, 1.042. எல்லையை மட்டும் மாற்றியதால் நிறமாலை முழுவதும் மாறுவது ஹெர்மிஷியன் உலகில் பழகியவர்களுக்கு அதிர்ச்சி தரும். ஆகவே எந்த முடிவைச் சொன்னாலும் எல்லை நிபந்தனையையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

வளையத்தில் ‘தாழ்நிலை’ என்ற சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டும். நீண்ட நேரத்துக்குப் பின் எஞ்சுவது மெய்ப் பகுதி மிகக் குறைந்த நிலை அன்று. கற்பனைப் பகுதி மிகப் பெரிதாக உள்ள நிலை.

எட்டாம் படி: ஒழுங்கின்மையைச் சேருங்கள்

வளையத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் தற்செயலான ஆற்றல் ஒன்றைக் கொடுங்கள். ஒழுங்கின்மை குறைவாக இருக்கும்போது பெரும்பாலான ஆற்றல்கள் கலப்பெண்கள். அதை மிகுதியாக்கினால் அவை மெய்யெண் அச்சுக்குத் திரும்புகின்றன. துகள்கள் தத்தம் இடங்களில் சிறைப்பட்டுவிட்டால், முனைகள் இணைந்திருக்கின்றனவா என்பதை அவற்றால் உணர முடியாது. எனவே திறந்த சங்கிலியின் உருமாற்றம் மீண்டும் செல்லுபடியாகிறது. ஹமசாகி, கவபாதா, உவேடா ஆகியோர் 2019-இல், இடைவினை புரியும் துகள்களிலும் இந்த மாற்றம் பலதுகள் ஓரிடமாதலோடு சேர்ந்தே நிகழ்வதை எண்கணக்கால் காட்டினர்.

இதை அளக்க, ஒவ்வோர் ஐகென் மதிப்புக்கும் மிக அருகிலுள்ள மதிப்பு எவ்வளவு தொலைவிலும் எந்தத் திசையிலும் இருக்கிறது என்பதை, இரண்டாவது அருகிலுள்ள மதிப்போடு ஒப்பிட்டு வகுத்துக்கொள்ளுங்கள். மதிப்புகள் தளத்தில் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் சிதறியிருந்தால் இந்த விகிதத்தின் சராசரி அளவு 2/3. கினிப்ரே வகைத் தற்செயல் அணியில் (உறுப்புகள் யாவும் தனித்தனித் தற்செயல் எண்களான அணியில்) போல ஒன்றையொன்று விலக்கிக்கொண்டால் சுமார் 0.74. நம் அணி மெய்யெண்களால் ஆனதால் மதிப்புகள் இணைச் சோடிகளாக வரும். மெய்யெண் அச்சுக்கு அருகிலுள்ளவற்றை விட்டுவிட்டு, மேல் பாதித் தளத்தை மட்டும் எடுக்க வேண்டும். ஒழுங்கின்மை இல்லாத வளையத்தில் இந்தச் சோதனையைச் செய்வதானால் உந்தத்தின்படி நிலைகளைப் பிரித்துவிட்டே செய்யுங்கள். பிரிக்காவிட்டால் தொடர்பற்ற மதிப்புகள் கலந்து, விலக்கம் இருந்தாலும் இல்லாததுபோலத் தோன்றும்.

ஒன்பதாம் படி: ஆய்வகத்தில் நிகழும் இழப்புக்கு வாருங்கள்

குளிரூட்டிய அணுக்களில் இயல்பாக நிகழ்வது இருதுகள் இழப்பு: ஓரிடத்தில் இரண்டு துகள்கள் சந்தித்தால் இரண்டும் சேர்ந்து வெளியேறும். முதற்படியின் கழித்தலைச் செய்தால், ஹப்பார்டு மாதிரியின் (ஒரே இடத்தில் சந்திக்கும் துகள்கள் மட்டும் இடைவினை புரியும் மாதிரியின்) இடைவினை ஆற்றலே கலப்பெண்ணாகிறது. அதன் கற்பனைப் பகுதி இழப்பு வேகத்தின் பாதி, கழித்தல் குறியோடு. இழப்பு மிக வலுவாக இருந்தால் துகள்கள் ஒரே இடத்தில் சந்திப்பதே தடுக்கப்படுகிறது. இரண்டாம் படியில் கண்ட ஸீனோ விளைவு பல துகள்களிடையே செயல்படுகிறது. 2008-இல் ஜெர்மனியின் கார்ச்சிங்கில் ருபீடியம் மூலக்கூறுகளை ஒளிவலையில் அடைத்துச் செய்த சோதனையில், வலுவான இழப்பே மேற்கொண்டு நிகழும் இழப்பைக் கட்டுப்படுத்துவது அளந்து காட்டப்பட்டது. 2017-இல் கியோட்டோ குழுவினர் இட்டர்பியம் அணுக்களில் இருதுகள் இழப்பின் வலிமையைத் தாமே கட்டுப்படுத்தி, அது மாட் காப்புநிலையிலிருந்து (அணுக்கள் தத்தம் இடங்களில் நிற்கும் நிலையிலிருந்து) அவை தடையின்றிப் பாயும் மீப்பாய்ம நிலைக்குச் செல்லும் போக்கைத் தாமதப்படுத்துவதைக் கண்டனர்.

இங்கு வரும் மாணவரிடம் நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான்: இரண்டு இடங்கள், எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு ஃபெர்மியான்கள், கலப்பெண் இடைவினை. மொத்தம் நான்கு நிலைகள். மும்மை நிலை (மொத்தத் தற்சுழற்சி 1) இழப்பே இல்லாமல் சுழி ஆற்றலில் நிற்பதையும், மொத்தத் தற்சுழற்சி சுழியான மற்ற மூன்று நிலைகள் மட்டும் கற்பனைப் பகுதி பெறுவதையும் கையாலேயே சரிபார்த்துவிட்டு, அதே நிரலில் இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம்.